கருமருந்து ரிவால்வர் ரேஞ்சில் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கேப் (அடிபட்டதும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சின்னச் செப்புத் தொப்பி) வைத்துச் சுடும் பழைய வகை ரிவால்வரோடு அரை நாள் ரேஞ்சில் நின்றால் ஒரு காட்சி திரும்பத் திரும்பக் கண்ணில் படும். பக்கத்து மேசைக்காரர் முதல் சுற்றை, அதாவது சிலிண்டரில் போட்ட குண்டுகளை, சுகமாகச் சுட்டு முடிப்பார். இரண்டாவது சுற்றில் சிலிண்டர் கனக்கும். மூன்றாவதில் ஹேமரை (கேப்பை அடிக்கும் சுத்தியலை) இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருப்பார். அப்புறம் துப்பாக்கியில் கோளாறு என்று பெட்டியில் வைத்துவிடுவார். பெரும்பாலும் கோளாறு ஒன்றுமே இருக்காது. கசடு இறுகியிருக்கும், அவ்வளவுதான்.

கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் திடப்பொருளாகவே மிஞ்சும். கொஞ்சம் வெள்ளைப் புகையாக வெளியே போகும், மீதி துப்பாக்கிக்குள் ஒட்டிக்கொள்ளும். ரேஞ்சில் நின்றபடி இதை முழுக்கச் சுத்தம் செய்ய முடியாது, அதற்குத் தேவையும் இல்லை. இறுகவிடாமல் பிசுபிசுப்பாக வைத்திருந்தால் நாள் முழுக்கச் சுடலாம். கீழே வரும் வேலைகளில் பாதி இதற்காகத்தான்.

அமெரிக்க கிளப்களில் அதிகம் புழங்கும் மூன்று மாடல்களின் நகல்களை மனதில் வைத்து எழுதுகிறேன்: கோல்ட் 1851 நேவி, கோல்ட் 1860 ஆர்மி, ரெமிங்டன் நியூ மாடல் ஆர்மி. கடைசியாகச் சொன்னதை எல்லோரும் '1858' என்றே அழைப்பார்கள். பேரலில் பொறித்திருக்கும் காப்புரிமை ஆண்டு அது. இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: அங்கே இந்த வகைத் துப்பாக்கி வைத்திருக்கவும் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும்.

## எதைத் தொடும் முன்பும்

முகவாய் (பேரலின் முன்முனை) இலக்குப் பக்கமே இருக்கட்டும். கேப் எல்லாவற்றையும் கழற்றிய பிறகுதான் துணி, எண்ணெய், கருவி எதுவும். அறைக்குள் (சிலிண்டரில் மருந்தும் குண்டும் போடும் துளை) குண்டும், நிப்பிளில் (அறையின் பின்னால் கேப் மாட்டும் முளை) கேப்பும் இருக்கிற சிலிண்டரில் சுத்தம் செய்யும் பேச்சே வேண்டாம். சுடும்போது போட்டுக்கொள்ளும் கண்ணாடி சுத்தம் செய்யும்போதும் கண்ணில்தான் இருக்க வேண்டும்.

பையில் பெரிதாக ஒன்றும் வேண்டாம். நாலைந்து பருத்தித் துணி, பழைய பல் பிரஷ், நிப்பிள் சாவி, நிப்பிள் ஓட்டைக்குள் நுழையும் மெல்லிய கம்பி, சின்ன இடுக்கி, பித்தளைத் தடி, மரச் சுத்தி. கூடவே ஒரு ஸ்ப்ரே பாட்டில். ஒரு பங்கு பேலிஸ்டாலுக்கு (தண்ணீரோடு கலக்கும் ஒரு துப்பாக்கி எண்ணெய்) ஏழு பங்கு தண்ணீர் சேர்த்துக் குலுக்கினால் பால் நிறத்தில் வரும். கருமருந்துக் கசடைக் கரைப்பது அதிலுள்ள தண்ணீர்தான். பேலிஸ்டால் கிடைக்காவிட்டால் வெறும் தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டாலும் வேலை நடக்கும்.

## அறிகுறி: சிலிண்டர் கனக்கிறது, சுற்ற மறுக்கிறது

அதிகம் வருவது இதுதான். எனவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஹேமரை அரை காக்கில் (பாதி பின்னால் இழுத்து நிற்கும் நிலையில்) வைத்துச் சிலிண்டரை விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். சுற்று முழுக்க ஒரே மாதிரி கனமாக இருக்கிறதா, அல்லது ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் தட்டுகிறதா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

### சுற்று முழுக்கக் கனம்

முதலில் சிலிண்டரின் முன்முகத்தைப் பாருங்கள். பேரலின் பின்முனைக்கும் அதற்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் கட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் பொருக்காக உதிர்ந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஈரத்துணியால் முன்முகத்தைத் துடைத்து, அந்த இடைவெளியில் பால் கலவையை ஒரு தடவை அடித்து, சிலிண்டரை நாலு சுற்று சுற்றுங்கள். அறைகள் காலியாக இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். மருந்து போட்டபின் ஈரம் உள்ளே போனால் அடுத்த கோளாறை நீங்களே வரவழைத்த மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் இந்த அரை நிமிட வேலையைச் செய்தால், இந்தத் தலைப்பில் மீதி உள்ளதைப் படிக்கவே வேண்டியிருக்காது.

அதற்கும் இளகவில்லையா? அடுத்தது சிலிண்டர் சுழலும் நடு அச்சு. கோல்ட்டில் அச்சு தடிமனாக இருக்கும், அதில் வெட்டியிருக்கும் பள்ளங்கள் மசகைப் பிடித்து வைத்திருக்கும். பேரலை அச்சோடு பிணைக்கும் ஆப்பை வலப்பக்கமிருந்து இடப்பக்கமாகத் தட்டி இழுத்து, பேரலைக் கழற்றி, அச்சைத் துடைத்து, பள்ளம் நிறைய மசகு தடவி மாட்டுங்கள். பேரல் அசையாவிட்டால் லோடிங் லீவரை (பேரலுக்குக் கீழே உள்ள, குண்டை அமுக்கும் நெம்புகோல்), இரண்டு அறைக்கு நடுவே உள்ள சுவர் மேல் ஊன்றி அழுத்தினால் தானாக நகர்ந்து வரும். முறுக்கி இழுக்க வேண்டாம்.

ரெமிங்டனில் அச்சு மெல்லியது, பள்ளம் கிடையாது. இடைவெளியிலிருந்து பீறிடும் கசடு நேராக அதன் மேல் அடிக்கும். அதனால் கோல்ட்டைவிட ரெமிங்டன் சீக்கிரம் இறுகும். ஆனால் அதைச் சரிசெய்வதும் சுலபம். அரை காக், லீவரைக் கொஞ்சம் இறக்கு, அச்சை முன்னால் இழு, சிலிண்டர் வலப்பக்கமாக வெளியே வந்துவிடும். அச்சைத் துடைத்து, மசகு தடவி, திரும்பப் போட ஒரு நிமிடம்கூட ஆகாது. ரெமிங்டன் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் இதைச் செய்துவிட வேண்டும் என்பது என் கட்சி. சிக்கும்வரை காத்திருந்தால் அந்த மெல்லிய அச்சை வெளியே இழுக்கவே இடுக்கி தேவைப்படும்.

துடைத்தும் ஒரே சுற்றில் மறுபடி இறுகினால் மசகைச் சந்தேகப்படுங்கள். சாதாரணத் துப்பாக்கி எண்ணெயும் வண்டிக்குப் போடும் கிரீஸும் பெட்ரோலிய வகை. கருமருந்துக் கசடோடு சேர்ந்தால் தார் போலக் கெட்டியாகிவிடும். அச்சில் கறுப்பாக, பளபளப்பாக ஒட்டியிருந்தால் குற்றவாளி இவர்தான். எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு விலங்குக் கொழுப்பு, தாவர எண்ணெய், தேன்மெழுகு பக்கம் மாறுங்கள். பலரும் வைத்திருக்கும் கலவை இது: ஆட்டுக்கொழுப்பு 2 பங்கு, பாரஃபின் மெழுகு 2 பங்கு, தேன்மெழுகு 1 பங்கு. நேரடித் தீயில் வைக்காமல், கொதிக்கும் தண்ணீருக்குள் பாத்திரத்தை வைத்து உருக்க வேண்டும். பாரஃபினும் பெட்ரோலியம்தானே என்று கேட்பார்கள். உண்மைதான், ஆனால் சுத்திகரித்த அந்த மெழுகு தார் கட்டுவதில்லை.

வானிலையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். புளோரிடா போலக் காற்றில் ஈரம் அதிகமுள்ள இடத்தில் கசடு தானாகவே மென்மையாக இருக்கும். அரிசோனாவின் வறண்ட பகலில் அதே துப்பாக்கி, அதே மருந்து பாதி நேரத்தில் இறுகிவிடும். வறண்ட ஊர்க்காரர்கள் மசகில் எண்ணெய்ப் பங்கைக் கூட்டுவதும், சுற்றுக்கு ஒரு தடவை தவறாமல் துடைப்பதும் இதனால்தான்.

இன்னும் கனமென்றால் கோல்ட்காரர்கள் ஆப்பைப் பார்க்க வேண்டும். அதிகமாக அடித்து இறக்கினால் பேரல் பின்னால் வந்து சிலிண்டரை உரசும். கொஞ்சம் வெளியே தட்டிப் பார்த்ததும் சிலிண்டர் சுழன்றால் விஷயம் புரிந்துவிட்டது. ஃபீலர் கேஜ் (இடுக்கில் விட்டு அளக்கும் மெல்லிய தகடுகள்) இருந்தால் பேரலுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளியை அளந்துவிடுங்கள். 0.006 அங்குலம் இருந்தால் எனக்குத் திருப்தி. 0.003-க்குக் குறைந்தால் கருமருந்துக்குப் போதாது.

ஆப்பு எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுக்கு இடைவெளி மாறிக்கொண்டே இருந்தால், அச்சு குட்டையாக இருக்கலாம். நகல்கள் சிலவற்றில் இது உண்டு. காலித் துப்பாக்கியில் பேரலைப் பக்கவாட்டில் திருப்பியபடி அச்சில் மாட்டி, முட்டும்வரை தள்ளுங்கள். பேரலின் அடிப்பகுதி ஃபிரேமின் முன்முகத்தோடு சமமாக நிற்க வேண்டும். அதைத் தாண்டிப் பின்னால் போனால் அச்சின் நீளம் போதவில்லை. இங்கே நிறுத்திக்கொண்டு கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) கொடுங்கள். துளைக்குள் சரியான கனத்தில் ஒரு துண்டு வைத்து அவர் சமன் செய்துவிடுவார். வீட்டில் அரம் எடுத்தால் அந்த இடைவெளியைத் திரும்பப் பெறுவது செலவான வேலை.

### ஒரே இடத்தில் தட்டுகிறது

பின்பக்கம் பாருங்கள். வெடித்த கேப்பின் செப்புத் துண்டு சிலிண்டருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே சிக்கியிருக்கும். இடுக்கியால் எடுத்துவிடலாம். அங்கே ஒன்றும் இல்லையென்றால், நிப்பிள் ஒன்று தளர்ந்து வெளியே எழும்பியிருக்கிறதா, கேப் அடிவரை இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். கேப் இறங்காமல் நின்றால் விரலால் அழுத்தாதீர்கள். முகவாய் இலக்குப் பக்கம் இருக்க, ஒரு மரக்குச்சியால் அழுத்துங்கள்.

முன்பக்கம் தட்டினால், சுட்ட அதிர்வில் குண்டு ஒன்று அறையிலிருந்து முன்னே நகர்ந்து வந்திருக்கும். அது குண்டின் அளவுக் குறை. கீழே 'இரண்டு அறை' தலைப்பில் சொல்லியிருக்கிறேன். இப்போதைக்குக் கேப்புகளைக் கழற்றி, அந்த அறையை லீவருக்கு நேரே கொண்டுவந்து குண்டைத் திரும்ப அமுக்குங்கள்.

## அறிகுறி: ஹேமர் பாதியில் நிற்கிறது, முழுதாக விழவும் மாட்டேன் என்கிறது

கேப் துண்டு ஹேமர் பள்ளத்துக்குள் விழுந்துவிட்டது. கோல்ட்டின் பழைய வியாதி இது. ஹேமர் முகத்தில் ஒரு சின்னக் காடி இருக்கும். வெடித்த கேப் அதில் கவ்விக்கொண்டு, காக் செய்யும்போது ஹேமரோடு சேர்ந்து பின்னால் வந்து உள்ளே விழும். ரெமிங்டனில் இது குறைவு.

எடுப்பது சுலபம். மீதிக் கேப்புகளைக் கழற்றி, ஹேமரை முடிந்தவரை பின்னால் பிடித்துக்கொண்டு, ஃபிரேமைத் தலைகீழாக்கித் தட்டுங்கள். வராவிட்டால் கம்பியால் கிளறுங்கள். ஹேமரை இழுத்து நொறுக்கிவிடலாம் என்று பலம் காட்டினால் துண்டு இன்னும் ஆழமாக, டிரிகர் பாகங்கள் வரைக்கும் போய்விடும்.

திரும்பத் திரும்ப வந்தால் இந்த வரிசையில் பாருங்கள். கேப் அளவு முதலில். 10-ம் எண், 11-ம் எண் இரண்டும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நிப்பிளில் விரலால் வைத்ததும் இறுக்கமாக உட்கார்ந்து, துப்பாக்கியைத் தலைகீழாக்கினாலும் விழாத அளவே உங்களுடையது. தளர்வான கேப்பை நசுக்கி ஒட்ட வைப்பது தற்காலிகம்தான்.

அடுத்தது நிப்பிள். ஓட்டை பெரிதாகத் தேய்ந்திருந்தால் அறையின் அழுத்தம் பின்னால் அடித்துக் கேப்பைச் சிதறடிக்கும். கேப்கள் பூப்போல விரிந்து, கிழிந்து வெளியே வருவதைக் கவனித்தால் நிப்பிள் செட்டை மாற்றுங்கள். ஓட்டை சிறிதாக உள்ள நல்ல நிப்பிள் ஆறு வாங்குவதுதான் கோல்ட்டுக்குச் செய்யும் செலவுகளிலேயே பலன் தருவது. மரையளவு துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும், பார்த்து வாங்குங்கள்.

சிலர் முகவாயை வானம் பார்க்கத் தூக்கிக் காக் செய்வார்கள், துண்டு வெளியே விழும் என்று. அது வேலை செய்யும். ஆனால் பல கிளப்களில் மண்மேட்டுக்கு மேல் முகவாய் போகக் கூடாது. அப்படியானால் இலக்குப் பக்கமே வைத்து, துப்பாக்கியை வலப்பக்கம் சாய்த்துக் காக் செய்யுங்கள்.

இதெல்லாம் செய்தும் நிற்காவிட்டால் கன்ஸ்மித் வேலை: ஹேமர் முகத்துக் காடியை நிரப்பி வழவழப்பாக்குவது, அல்லது துண்டு உள்ளே விழாமல் தடுக்க ஃபிரேமில் ஒரு சின்ன முளை பொருத்துவது.

## அறிகுறி: ஹேமர் விழுந்தது, சுடவில்லை

எதையும் பார்க்கும் முன், முகவாயை இலக்கிலிருந்து எடுக்காமல் குறைந்தது ஒரு நிமிடம் அப்படியே நில்லுங்கள். உங்கள் கிளப் அதைவிட அதிகம் சொன்னால் அதுவே விதி.

கேப் வெடிக்கவே இல்லை. இன்னொரு முறை அடியுங்கள். இரண்டாவது அடியில் வெடித்தால் முதல் தடவை கேப் முழுசாக உட்காரவில்லை. நிப்பிள் கூம்பில் கசடு ஏறியிருக்கும், துடைத்துவிடுங்கள். பழைய நிப்பிளின் தலை நசுங்கி விரிந்திருந்தாலும் இதே கதை. புது நிப்பிள், சரியான கேப் எல்லாம் இருந்தும் அடி மெதுவாக விழுந்தால் பிடிக்குள் உள்ள பெரிய ஸ்பிரிங்கைத் தாங்கும் திருகைப் பாருங்கள். ரெமிங்டனில் அது பிடியின் முன்பக்கம் இருக்கும், தளர்ந்தால் அடி பலமிழக்கும்.

கேப் வெடித்தது, மருந்து பற்றவில்லை. காத்திருந்தபின் புதுக் கேப் வைத்து மறுபடி அடியுங்கள். அதற்கும் இல்லையென்றால் நிப்பிள் ஓட்டை அடைத்திருக்கலாம், எண்ணெய் மருந்தை நனைத்திருக்கலாம், மருந்து போடாமலே குண்டை அமுக்கியிருக்கலாம். ரேஞ்ச் அதிகாரியிடம் சொல்லிவிட்டு, எல்லாக் கேப்பையும் கழற்றி, சிலிண்டரை வெளியே எடுத்து, அந்த நிப்பிளை மட்டும் கழற்றுங்கள். ஓட்டையைக் கம்பியால் குத்தி, நிப்பிள் துளை வழியே சிட்டிகை மருந்து போட்டு, மூடி, கேப் வைத்துச் சுட்டால் பெரும்பாலும் வெளியேறிவிடும்.

இதைத் தவிர்க்க ஒரு பழக்கம். முதல் சுற்று மருந்து போடும் முன் வெறும் கேப்களை ஆறு நிப்பிளிலும் வைத்து, முகவாயைத் தரையில் ஒரு புல்லிதழுக்குப் பக்கத்தில் பிடித்து அடியுங்கள். புல் ஆடினால் வழி திறந்திருக்கிறது. ஆடாத அறையை அப்போதே கவனியுங்கள். முந்தின தடவை போட்ட எண்ணெய் எரிந்துபோக இதுவே போதும்.

சத்தம் பொசுக்கென்று வந்தது. உடனே நிறுத்துங்கள். குண்டு பேரலில் சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் பேரல் வீங்கும், அதைவிட மோசமாகவும் ஆகலாம். சிலிண்டரைக் கழற்றி பேரலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் பித்தளைத் தடியும் மரச் சுத்தியும். அசையவில்லை என்றால் கன்ஸ்மித்.

## அறிகுறி: காலையில் ஒரே இடத்தில் விழுந்த குண்டுகள் இப்போது சிதறுகின்றன

முகவாயைப் பாருங்கள். மசகு போதுமான அளவு இருந்தால் அங்கே எண்ணெய்ப் பிசுக்கோடு நட்சத்திர வடிவில் ஒரு கோலம் படிந்திருக்கும். அதற்குப் பதிலாகக் காய்ந்த சாம்பல் தெரிந்தால் பேரலின் கடைசி இரண்டு அங்குலம் வறண்டுவிட்டது. ஈரத்துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று பேரலுக்குள் விட்டு எடுங்கள். அப்புறம் மசகைக் கூட்டுங்கள்.

மசகை எங்கே வைப்பது என்பதில் இரண்டு கட்சி உண்டு. குண்டுக்கு மேல் அப்புவது ஒன்று, மசகில் ஊறிய கம்பளி வட்டைக் குண்டுக்கு அடியில் வைப்பது இன்னொன்று. நான் வட்டுக் கட்சி. மேலே அப்பிய மசகு கோடையில் உருகிக் கையில் வழியும், முதல் குண்டு சுட்டதுமே பக்கத்து அறைகளில் உள்ளதும் பாதி பறந்துவிடும். வட்டு ஒவ்வொரு குண்டோடும் போய்ப் பேரலைத் துடைத்துக்கொண்டே போகும். மருந்து குறைவாகப் போட்டுக் குண்டு அறைக்குள் ஆழமாகப் போய்விட்டால், மருந்துக்கு மேல் கொஞ்சம் சமையல் ரவை போட்டு உயர்த்திக்கொள்ளலாம். வட்டு வைத்த துப்பாக்கியை வாரக்கணக்கில் லோடோடு வைக்காதீர்கள், மசகு மருந்தில் இறங்கிவிடும்.

எம்.எல்.ஏ.ஐ.சி. (முன்வழியாக மருந்து போடும் துப்பாக்கிகளுக்கான சர்வதேச அமைப்பு) போட்டிகளில் 25 மீட்டர் ரிவால்வர் பிரிவில் 30 நிமிடத்தில் 13 குண்டு, அதில் சிறந்த 10 கணக்கு. அந்த நேரத்தில் துடைப்பதற்கும் இடம் இருக்கிறது. அவசரப்பட்டு அதை விடுபவர்களுக்குக் கடைசிக் குண்டுகளில்தான் புள்ளி போகும்.

துடைத்தும் சிதறல் நிற்கவில்லையா? பேரலின் பின்வாயில் ஈயம் படிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, வெண்கல பிரஷ் போடுங்கள். அதற்குமேல், அறையின் வாய் பேரலின் உள்வரிப்பள்ளத்தைவிடச் சின்னதாக இருக்கலாம். அறைகளை அகலப்படுத்துவது கன்ஸ்மித்தின் வேலை, கைத்துளை மிஷினின் வேலை அல்ல.

## அறிகுறி: குண்டை அமுக்க முடியவில்லை

அறைக்குள் கசடு. ஈரத்துணியால் துடைத்து, முழுதாக உலர்த்தி, அப்புறம் மருந்து. குண்டு சுத்த ஈயம்தானா என்று நகத்தால் கீறிப் பாருங்கள். டயர் எடை ஈயம் கெட்டி, அதை அமுக்கினால் லீவர் வளையும்.

## அறிகுறி: ஒரே சமயத்தில் இரண்டு அறை வெடித்தது

அன்றைக்குச் சுடுவது அத்தோடு முடிந்தது. கையையும் பக்கத்தில் நிற்பவரையும் பாருங்கள், பிறகு துப்பாக்கியை. லீவர், அதன் திருகு, ஃபிரேம், பக்கத்து அறைச் சுவர் இவற்றில் வளைவோ விரிசலோ தெரிந்தாலும், தெரியாவிட்டாலும், மறுபடி சுடும் முன் கன்ஸ்மித் ஒருமுறை பார்க்கட்டும்.

தீ முன்னாலிருந்து தாவுகிறதா, பின்னாலிருந்தா என்பது சுடுபவர்களிடையே ஓயாத வாக்குவாதம். இரண்டு பக்கமும் அடைத்துவிடுங்கள். பின்பக்கம் இறுக்கமான கேப். முன்பக்கம், அமுக்கும்போது சுற்றிலும் மெல்லிய ஈய வளையம் சீவி வரும் அளவுக்குப் பெரிய குண்டு. 44 காலிபருக்கு 0.451 அல்லது 0.454 அங்குலம், 36 காலிபருக்கு 0.375. வளையம் முழு வட்டமாக வராமல் அறுந்து வந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் வந்தாலோ அடுத்த பெரிய அளவுக்குப் போங்கள்.

## அறிகுறி: மறுநாள் காலையில் துரு

கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ஈரப்பதமான ஊரில் ஒரே ராத்திரி போதும். பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகள் துருவில் கருமருந்தைவிட மோசம். வீட்டுக்கு வந்ததும் மரப் பிடியைக் கழற்றிவிட்டு, மீதியை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், கண்ணெதிரிலேயே செந்துரு பூக்கும். உலர்த்தி, பேலிஸ்டால் தடவி வையுங்கள். நிப்பிள் மரையில் கொஞ்சம் மசகு போடாவிட்டால் அடுத்த முறை கழற்ற வராது. கழுவிய தண்ணீரில் ஈயம் இருக்கும். சமையலறைத் தொட்டியில் கழுவாமல், தனி வாளியில் கழுவிக் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

வெளியே பளிச்சென்று இருந்தும் டிரிகர் கரகரத்தால், கசடு உள்ளே இறங்கியிருக்கிறது. பக்கத் திருகுகளுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி இருந்தால் மட்டும் பிரியுங்கள்.

## அறிகுறி: காக் செய்தபின்னும் சிலிண்டர் ஆடுகிறது, பூட்டவில்லை

முதலில் சிலிண்டரின் வெளிப்புறக் காடிகளில் கசடு அடைத்திருக்கிறதா என்று பிரஷ் போட்டுப் பாருங்கள். அடுத்து, ஃபிரேமின் தரையில் உள்ள சின்னத் தாழ், அரை காக்கில் இறங்கி முழுக் காக்கில் மேலே வருகிறதா என்று கவனியுங்கள். வரவில்லையென்றால் அதன் இரட்டைக் கால் தட்டை ஸ்பிரிங் உடைந்திருக்கும். இந்த ரிவால்வர்களில் அதிகம் உடைவது அதுதான், விலையும் குறைவு. துப்பாக்கியைப் பிரித்துப் பழகியவர் தானே மாற்றலாம்.

ஸ்பிரிங் நன்றாக இருந்தும் தாழ் சரியான நேரத்தில் ஏறாவிட்டால், அல்லது அறை பேரலுக்கு நேரே வராமல் நின்றால், அதை அரத்தால் தேய்த்துச் சரிசெய்யும் எண்ணமே வேண்டாம். ஒரு பாகத்தைத் தேய்த்தால் மற்ற மூன்றும் தப்பும். கன்ஸ்மித் பார்த்துத் தரும்வரை அந்தத் துப்பாக்கியில் மருந்து போடாதீர்கள்.